விற்பனைக்கு அல்ல: கொங்கு நாட்டுச் சலான்கள் சொல்லும் கதை

திருப்பூரில் டி.சி. என்றால் பள்ளிக்கூடத்தில் வாங்கும் சான்றிதழ் யாருக்கும் ஞாபகம் வராது. டெலிவரி சலான்தான். பிளஸ் டூ முடித்த கையோடு நான் சேர்ந்த பனியன் கம்பெனியில் என் வேலையே சலான் எழுதுவதுதான். எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்ன கலர், எந்த வண்டி என்று எழுதி, அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்த வேண்டும்: ‘ஜாப் ஒர்க்குக்காக மட்டும், விற்பனைக்கு அல்ல’. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது ஓடும். கேட்டுக்கு வெளியே டெம்போக்காரர் ஹாரனை விடாமல் அடிப்பார். உள்ளேயிருந்து மேனேஜர், “ஏந்தம்பி, டி.சி. போட்டாச்சா இல்லயா?” என்று சத்தம் போடுவார்.

குத்திக் குத்தி அந்த ஸ்டாம்ப்பின் எழுத்து தேய்ந்தபோதுதான் அதிலிருந்த விஷயம் எனக்கு உறைத்தது. ஒரு பனியன் உருவாகும் வழியில் அதை முழுதாகச் செய்கிறவர் என்று ஒருவரும் கிடையாது. நூல் மில்லிலிருந்து கோன்களாக வரும். நிட்டிங் பட்டறையில் அது துணியாகும். துணி சாயப்பட்டறைக்குப் போய், அங்கிருந்து காம்பேக்டிங்குக்குப் போய்ச் சுருக்கம் நீங்கித் திரும்பும். அப்புறம் கட்டிங். வெட்டிய நெஞ்சுப்பகுதி மட்டும் தனியாகப் பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ போய்விட்டு வரும். தைப்பது வேறொரு பவர் டேபிள் யூனிட். ஓவர்லாக், பேட்லாக் என்ற தையல் மெஷின்கள் அங்கே ஓடும். காஜா, பட்டன் இன்னொரு சந்தில். பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகள் எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஊர் ஓடுவது இந்தச் சலான்களில்தான். ஒவ்வொரு வாசலிலும் சரக்கு அடுத்தவருடையது, வேலை நம்முடையது.

கொங்கு நாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஊருக்கொரு பெயர்ப்பலகை மாட்டிவிடுவார்கள். திருப்பூர் பனியன், ஈரோடு மஞ்சள், நாமக்கல் முட்டை, சேலம் ஜவ்வரிசி, கரூர் பெட்ஷீட், பொள்ளாச்சி தேங்காய், கோவை மோட்டார். பொது அறிவுத் தேர்வுக்கு இது போதும். ஆனால் படிக்கிறவருக்கு, அந்தந்த ஊர் மண்ணைக் கிண்டினால் அது அது கிடைக்கும் என்பது போல ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. மஞ்சளும் தேங்காயும் மண்ணில் விளைகின்றன, சரி. மற்றவை?

இந்தியாவின் நூற்புத் திறனில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது, அதில் பெரும்பங்கு கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்தில். ஆனால் இங்கு விளையும் பருத்தி இந்த மில்களின் பசியில் பத்தில் ஒரு பங்குக்குக்கூடக் காணாது. குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பேல் பேலாக லாரியில் வந்தாக வேண்டும். நாமக்கல் கோழி தின்னும் மக்காச்சோளம் கர்நாடகம், ஆந்திரம், பீகார், மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறது. கோவை ஃபவுண்டரியில், அதாவது வார்ப்படப் பட்டறையில், உருகும் பிக் அயர்ன் என்ற கச்சா இரும்பும் அதை உருக்கும் கோக் கரியும் உள்ளூர்ச் சரக்கு அல்ல. துறைமுகமும் கிடையாது. கன்டெய்னர் தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ போய்த்தான் கப்பலேற வேண்டும். கச்சாப்பொருளும் வெளியே, வாங்குகிறவரும் வெளியே. நடுவில் நடக்கிற வேலை மட்டும்தான் கொங்கு நாட்டின் முதல்.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் பல கட்டங்களாக அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. பளிங்கு, பெரில், அகேட், கார்னீலியன் என்று விதவிதமான கல்மணிகள், முடித்தவையும் பாதியில் நின்றவையும், துளை போடும்போது உடைந்தவையும் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. பெரில் பக்கத்தில் காங்கேயம் அருகே படியூரில் கிடைக்கும் கல். ஆனால் கார்னீலியனுக்குக் குஜராத் பக்கமும் லாபிஸ் லசூலிக்கு ஆப்கானிஸ்தானமும்தான் பிறந்த வீடு. எங்கோ வெட்டிய கல் இங்கே வந்து, பட்டை தீட்டி, துளையிட்டு, மறுபடி வெளியே போயிருக்கிறது. கேரளக் கடற்கரையில் இருந்த பழைய துறைமுகமான முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழியில் இருந்த ஊர் இது. பதிற்றுப்பத்து இந்த ஊரைக் ‘கொடுமணம்’ என்று சொல்லி, அங்கிருந்து வந்த பொருளை ‘வினைமாண் அருங்கலம்’ என்கிறது. வினை மாண்டது, அதாவது வேலைப்பாட்டால் சிறந்தது. புலவர் மெச்சுவது கல்லை அல்ல, கல்லில் ஏறிய வேலையை. அன்றைக்குச் சலான் மட்டும்தான் பனையோலையிலோ வாய்ச்சொல்லிலோ இருந்திருக்கும்.

ஏன் இங்கே என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்பவர்கள் ‘கொங்கு மக்களின் உழைப்பு’ என்று முடித்துக்கொள்வார்கள். உழைக்காத ஊர் எங்கே இருக்கிறது? தஞ்சாவூர்க்காரர் நாற்று நடாமலா நெல் வந்தது? காரணத்தைத் தண்ணீரில் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கிற பூமி இது. தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். கோவையில் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர்தான். காவிரிக் கரையையும் பவானி, அமராவதிப் பாசனத்தையும் விட்டால், மீதியெல்லாம் கிணற்றை நம்பிய தோட்டம், இல்லாவிட்டால் வானத்தை நம்பிய காடு. எங்கள் பக்கம் ‘தோட்டம்’ என்றால் கிணறு இருக்கிறது என்று அர்த்தம், ‘காடு’ என்றால் இல்லை என்று அர்த்தம். பெண் கொடுப்பதற்கு முன் இதைத்தான் முதலில் விசாரிப்பார்கள். பாறையை உடைத்து அறுபதடி, எண்பதடி கிணறு வெட்டி, மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்துத் தண்ணீரை மேலே கொண்டுவர வேண்டும். (இறைக்கும் முறைக்குக் கவலை என்று பெயர் வைத்தவர் நிச்சயமாக அதை இறைத்துப் பார்த்தவர்தான்.) இத்தனை பாடுபட்டு எடுத்த தண்ணீரை நெல்லுக்கு விட்டால் கட்டாது. பருத்தி, புகையிலை, மஞ்சள், கரும்பு என்று காசாகும் பயிருக்குத்தான் விட முடியும். அப்படியாகக் கிணற்றுக்காரர் சந்தை விலையைப் பார்த்து விதைக்கப் பழகினார். பிற்பாடு மில்லுக்கும் பட்டறைக்கும் போனவர்கள் கையோடு கொண்டுபோன பழக்கம் அது.

பருத்தி இருந்ததால் மில் வந்தது. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் கோவையில் முதல் நூற்பு மில்லைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1860களில், சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கரைக்கு ரயில் போட்டாயிற்று. ஆனாலும் மில்கள் பெருகியது 1932இல் நீலகிரியின் பைகாரா மின்சாரம் இறங்கி வந்த பிறகுதான். அதுவரை வெளியிலிருந்து நிலக்கரி வரவழைத்து நீராவியில் ஓட்ட வேண்டியிருந்தது. கம்பி வழியே மின்சாரம் வந்ததும் கையில் சிறிது முதல் வைத்திருந்தவர்களும் மில் வைக்கத் துணிந்தார்கள். அதே மின்சாரம் தோட்டத்துக் கிணற்றுக்கும் போனது. கவலை மாட்டுக்கு ஓய்வு கொடுக்க மோட்டார் தேவைப்பட்டது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937இல் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார்கள். பம்புக்கு வார்ப்படம் வேண்டும், அதனால் ஃபவுண்டரி வந்தது. மில்லில் ஸ்பிண்டில் தேய்ந்தால் இங்கிலாந்திலிருந்து வரும் வரை காத்திருக்க முடியாது, அதனால் லேத் பட்டறை வந்தது. பட்டறைக்கு ஆள் வேண்டும், அதனால் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. இன்றைக்கு நாட்டில் விற்கும் பம்புகளில் பாதிக்கு அருகே கோவைச் சரக்கு என்கிறார்கள். பஞ்சாபில் கோதுமைக்குத் தண்ணீர் விடுகிறவரும் ஒடிசாவில் காய்கறிக்குத் தண்ணீர் விடுகிறவரும் ஸ்விட்சைப் போடும்போது, ஒரு வறண்ட ஊர்க்காரரின் தொல்லையால் பிறந்த இயந்திரத்தைத்தான் ஓட்டுகிறார்கள்.

மோட்டார் கைவசமிருந்தால் சும்மா இருப்பார்களா? மாவாட்டும் கல்லுக்கும் மாட்டினார்கள். வெட் கிரைண்டர் அப்படிப் பிறந்தது. மோட்டார் கோவையில், கல் ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல், டிரம் இன்னொரு பட்டறையில். 2006இல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயருக்கே புவிசார் குறியீடு கிடைத்தது. இட்லிமாவுக்குப் புவிசார் குறியீடு கேட்க நம்மவர்களுக்கு இன்னும் தோன்றவில்லை.

இதே மண்ணிலிருந்து நாட்டுக்குப் போன இன்னொன்று, பேச்சில் அடிபடாமலே இருக்கிறது. 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது. உள்ளூர்க் கரும்பையும் காட்டு நாணல் இனத்தையும் இனக்கலப்புச் செய்து 1918இல் ‘கோ 205’ வெளியிடப்பட்டது. வட இந்தியாவின் குளிரும் வறட்சியும் தாங்கியது அது. கோ என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. உத்தரப் பிரதேசத்தில் சில ஆண்டுகளுக்கு முன் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்திருந்த ‘கோ 0238’ம் இந்த நிலையத்தின் கர்னால் கிளையில் உருவான ரகம்தான். அந்த உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பையன் இன்று பெருமாநல்லூரில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறான். அவன் அப்பா காட்டில் நிற்கும் கரும்பின் பெயரில் நம் ஊர் இருப்பது அவனுக்கும் தெரியாது, பக்கத்து மெஷின்காரருக்கும் தெரியாது.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: கழிவு.

கட்டிங் டேபிளில் துணியை அடுக்கி, பேட்டர்ன் வைத்து வெட்டும்போது கழுத்து வளைவிலும் கை வளைவிலும் துண்டு விழும். பேட்டர்ன்களை எத்தனை சாமர்த்தியமாக நெருக்கி அடுக்கினாலும் நூறு கிலோ துணிக்குப் பத்துக் கிலோவுக்குமேல் வெட்டுத்துண்டாகப் போகும். நான் சலான் எழுதிய காலத்தில் அதைக் குப்பை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் வண்டியோடு போய்ப் பார்த்தேன். மங்கலம் ரோட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். உள்ளே இருபது, முப்பது பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மலைபோலத் துண்டு. நீலத்தை நீலத்தோடு, சிவப்பைச் சிவப்போடு, வெள்ளையை மட்டும் தனியாக. லேபிள் தைத்திருந்தால் பிய்க்க வேண்டும், ரப்பர் பிரிண்ட் இருந்தால் கத்தரித்து எறிய வேண்டும். அங்கிருந்த அக்காவிடம், “இதெல்லாம் எங்கீங்க்கா போகுது?” என்று கேட்டேன்.

“நூலாகப் போகுது கண்ணு. அப்புறம் கரூருக்கோ என்னமோ போகுமாம். கலரு கலந்துறாமப் பாத்துக்கறதுதான் நம்ம வேல.”

அவர் சொன்னது சரி. அந்தத் துண்டு கிழிக்கும் மெஷினுக்குப் போய் மறுபடி பஞ்சாகும். நூற்பு மில்லில் கோம்பர் என்ற சீவும் மெஷினில் ஒதுங்கும் குட்டைப் பஞ்சையும் தேவைக்கேற்பச் சேர்த்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் தடித்த நூலாக நூற்பார்கள். பல்லடம், வெள்ளகோவில், அன்னூர், உடுமலை என்று இந்த மில்கள் விரவிக் கிடக்கின்றன. நீலத் துண்டு நீல நூலாகவே வரும், மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. அந்த நூல் கரூரில் கிச்சன் டவலாகவும், சென்னிமலை, ஈரோட்டுப் பக்கம் பெட்ஷீட்டாகவும், எங்கோ ஒரு கால்மிதியாகவும் ஆகிறது. அமெரிக்கக் கடையில் தொங்கும் டி-ஷர்ட்டின் கழுத்து வளைவு, நம் வீட்டு வாசல்படியில் கிடக்கலாம்.

இந்த ‘மிச்சத்தை முதலாக்கும்’ வேலை கொங்கில் பல இடங்களில் உண்டு. கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கும் அரசுக் காகித ஆலை 1979இல் தொடங்கப்பட்டதே, கரும்புச் சக்கையில் காகிதம் செய்வதற்காகத்தான். சர்க்கரை ஆலைகள் சக்கையைத்தான் எரித்து நீராவி எடுத்தன. காகித ஆலை அவர்களுக்கு எரிபொருளுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொடுத்துச் சக்கையை வாங்கிக்கொண்டது. பொள்ளாச்சியில் தேங்காய் மட்டையில் நாரை எடுத்தபின் மிஞ்சும் தூள், ஒரு காலத்தில் ரோட்டோரத்தில் குவிந்து கிடந்தது, நெருப்புப் பிடித்தால் நாள்கணக்கில் புகையும். இப்போது அதைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி, மண்ணில்லாமல் தக்காளி வளர்க்கும் வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்கு அனுப்புகிறார்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும் பக்கத்துக் கிணற்றுக்காரர்களிடம் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை மாசு மிகக் குறைந்த வெள்ளை வகையிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சு வகைக்கு மாற்றியபோது எழுந்த சச்சரவு அதனால்தான்.

ஜாப் ஒர்க் என்பது துணிக்கும் இரும்புக்கும் மட்டும் உரியது என்று நினைத்தால், பல்லடம், உடுமலைப் பக்கம் கறிக்கோழிப் பண்ணையைப் பார்க்க வேண்டும். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் அவர்களுடையது. ஷெட்டும் மின்சாரமும் உழைப்பும் விவசாயியுடையவை. நாற்பது நாள் கழித்துக் கோழியை எடை போட்டு எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி கொடுப்பார்கள். கோழிக்குச் சலான் இல்லையே தவிர, ‘விற்பனைக்கு அல்ல’ என்ற ஸ்டாம்ப் கண்ணுக்குத் தெரியாமல் குத்தியிருக்கிறது. கறிக்கடை விலை 100 ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் கூலி பெரிதாக அசையாது. விலை விழும்போது இது காப்பு, ஏறும்போது வயிற்றெரிச்சல்.

நாமக்கல் முட்டை வேறு கணக்கு. அங்கே கோழியும் பண்ணையாளருடையது, நஷ்டமும் அவருடையது. தினமும் 5 கோடிக்குமேல் முட்டை வெளியேறும் வட்டாரம் அது. 1982இல் தொடங்கிய நெக், அதாவது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அறிவிக்கும் விலையைப் பேப்பரில் பார்க்கிறோம். வியாபாரி அதிலிருந்து கழித்துக்கொள்ளும் ‘மைனஸ்’ பேப்பரில் வராது. கேரளத்துக்கு வாளையார் வழியாகவும், வளைகுடாவுக்குக் கப்பலிலும், சத்துணவுக் கூடங்களுக்கு வாரம் 5 நாளும் போகிறது முட்டை. விலையை ஆட்டி வைப்பது தீவனம். பெட்ரோலில் எத்தனால் கலப்பதற்கு மக்காச்சோளத்தை ஊக்குவிக்க டெல்லி முடிவெடுத்த பிறகு, நாமக்கல் கோழியும் வடக்கத்தி எத்தனால் ஆலையும் ஒரே மூட்டைக்குப் போட்டி போட ஆரம்பித்தன. பைக்கில் பெட்ரோல் போடுகிறவரும் ஆம்லெட் சாப்பிடுகிறவரும் ஒரே ஆளாக இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு செலவும் ஒரே மூட்டையில் முட்டிக்கொள்வது அவருக்குத் தெரிவதில்லை.

அந்த மூட்டையை ஏற்றி வருவதும் பெரும்பாலும் நாமக்கல், சங்ககிரி லாரிதான். திருச்செங்கோட்டுக்காரர்கள் லாரியோடு நிற்கவில்லை, அதன்மேல் துளைக்கருவியை ஏற்றி ரிக் வண்டியாக்கினார்கள். சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று எங்கே ஆழ்துளைக் கிணறு போட்டாலும் அந்த வண்டியில் தமிழ்நாட்டுப் பதிவெண்ணைப் பார்க்கலாம். கிணறு வெட்டியே பழகிய ஊர், ஊருக்கெல்லாம் கிணறு போடப் போய்விட்டது. அவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீரைத் துரத்திக்கொண்டு போனதில் நம் பங்கு எவ்வளவு என்று யோசித்தால் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

சேலத்து ஜவ்வரிசியை நாம் பாயசத்தில் போடுவதோடு சரி. அதை மூட்டை மூட்டையாகத் தின்பது மகாராஷ்டிரமும் வடக்கும். ஏகாதசி, நவராத்திரி விரத நாளில் தானியம் கூடாது என்பதால் சாபுதானா கிச்சடி செய்வார்கள். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவிலிருந்து வரும் சரக்கு நின்றுபோன இடத்தில்தான் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து இந்தத் தொழில் முளைத்தது. 1981இல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. ஆத்தூர்ப் பக்கத்து விவசாயியின் கிழங்கு விலையில் புனேக்காரரின் பக்திக்கும் ஒரு பங்கு உண்டு.

இவ்வளவும் படித்தால் எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு சுகமாக ஓடுவது போலத் தோன்றும். கோர்வை இருப்பது நிஜம். சுகம் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை.

முதலில், கடன். ஜாப் ஒர்க்கில் கூலி உடனே வராது. பில் போட்டு 60 நாள், 90 நாள் என்பது சாதாரணம். சாயப்பட்டறைக்காரர் கரண்ட் பில்லை மாதாமாதம் கட்டியாக வேண்டும், தையல்காரருக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். நடுவில் இருக்கும் இரண்டு மாதத்தை அவரே சுமக்கிறார். அதாவது பெரிய வியாபாரத்துக்குச் சிறிய பட்டறை வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறது. நான் வேலை செய்த கம்பெனியின் முதலாளி, ஒரு பெரிய இடத்துக்குத் தைத்துக் கொடுத்த பில்லுக்காக எட்டு மாதம் அலைந்தார். கடைசியில் ‘அளவு சரியில்லை’ என்று கால்வாசியைக் கழித்துக் கொடுத்தார்கள். அந்தத் தீபாவளிக்கு எங்களுக்குப் போனஸ் பாதிதான். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2023-24 நிதியாண்டிலிருந்து விதி வந்திருக்கிறது. விதி நல்லதுதான். ஆனால் 45 நாள் ஆயிற்று என்று பெரிய இடத்தை நெருக்குகிற பட்டறைக்கு அடுத்த ஆர்டர் வருமா என்பதை விதியில் எழுத முடியாது.

இரண்டாவது, விலை எங்கோ முடிவாவது. 2022 மே மாதம் பருத்தி ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, 1 லட்ச ரூபாயைத் தாண்டியது. பனியன் ஆர்டரோ மூன்று மாதம் முன்பு பழைய நூல் விலையில் பேசியது. கடையடைப்பு நடந்தது, நூல் விலை அதனால் இறங்கிவிடவில்லை. சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களின் கதை இன்னும் கடினம். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், இவர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். அந்தக் கூலியை உயர்த்திக் கேட்டு 2025 வசந்தத்தில் ஒரு மாதத்துக்குத் தறிகளை நிறுத்திவைத்தார்கள். தறிச்சத்தம் நின்ற ஊரில் ராத்திரி தூக்கம் வராது என்று அங்கே சொல்வார்கள்.

மூன்றாவது, நொய்யல். பதிற்றுப்பத்துக் காலத்தில் மணி கோர்த்த கரையில், 1990களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டி முடிக்கப்பட்டது. சில வருடங்களில் அதில் தேங்கியது சாயத்தண்ணீர். விவசாயிகள் அணையைத் திறக்க வேண்டாம் என்று வழக்குப் போட்ட விசித்திரம் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது, துணியை வெளி மாநிலத்துக்கு அனுப்பிச் சாயம் போட்டு வரவழைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிலைபெற்றன. தண்ணீரைப் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள், உப்பையும் மீட்கிறார்கள். இந்தச் செலவு பனியன் விலையில் ஏறுகிறது. பங்களாதேஷில் ஏறுவதில்லை. வெளிநாட்டு வாங்குபவர் இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பேச்சில் மட்டும் சுற்றுச்சூழலைப் பாராட்டுவார்.

முதலாளி ஆனவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. நேற்று கட்டிங் மாஸ்டர், இன்று கம்பெனி ஓனர் என்று திருப்பூரில் ஏராளமான கதைகள் உண்டு, பெரும்பாலும் நிஜமும்கூட. ஆனால் அந்தக் கதைகளில் நுழைந்து பார்த்தால், அடமானம் வைக்க எங்கோ இரண்டு ஏக்கர் தோட்டம் இருக்கும். தோட்டமே இல்லாத வீட்டிலிருந்து வந்தவர், எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், பெரும்பாலும் மெஷினில்தான் இருக்கிறார். இப்போது அந்த மெஷினுக்கும் பீகார், ஒடிசா, ஜார்கண்டிலிருந்து ஆள் வருகிறது. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை ‘ஒன்றரை ஷிப்ட்’. அவர்கள் ஊர்ப் பண்டிகையான சத் பூஜை வந்தால் தன்பாத் எக்ஸ்பிரஸில் நிற்க இடமிருக்காது, ஷெட்டில் பாதி மெஷின் மூடியிருக்கும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்து ரயிலேறியவர்களைத் திரும்பக் கொண்டுவர அதிகாரிகள் இந்தியில் பேசி வீடியோ போட வேண்டியிருந்தது. யாரை யார் நம்பிப் பிழைக்கிறார்கள் என்பது அந்த ஒரு வாரத்தில் பளிச்சென்று தெரிந்தது.

2024-25இல் திருப்பூரின் ஏற்றுமதி ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்காவுக்குப் போனது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அதற்குச் சில நாள் முன்பு, மில்களுக்குக் கை கொடுக்க, பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு தற்காலிகமாக நீக்கியது. பனியன்காரருக்கு அது ஆறுதல், ஆனால் மகாராஷ்டிரத்தின் விதர்பாவில் அறுவடைக்குக் காத்திருந்த பருத்தி விவசாயிக்கு அது வயிற்றில் அடி. வாஷிங்டனில் போட்ட வரியின் சுமையில் ஒரு துண்டு, திருப்பூர் வழியாக, விதர்பாவின் யவத்மால் காட்டுக்குப் போய் இறங்கியது.

அந்த வருடக் கடைசியில் மங்கலம் ரோட்டுப் பக்கம் போக நேர்ந்தது. பழைய ஷெட் அப்படியேதான் இருந்தது. உள்ளே முன்பிருந்தவர்களில் பாதிப் பேர்கூட இல்லை. வாசலில் ஒரு டாடா ஏஸ், அதில் நான்கே மூட்டை. டிரைவர் சலானை நீட்டினார். எடை பார்க்கும் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னான்: “வெள்ளை ஒண்ணுகூட இல்லீங்க. எல்லாம் கலரு.”